எலுமிச்சையில் கரி: துடைத்தால் போவதும் போகாததும்

கமிஷன் மண்டியில் மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறார்கள். காய் நல்ல பருமன், தோல் மெல்லியது, கையில் எடுத்தால் கனம் தெரிகிறது. ஆனால் பாதிக் காய்களின் தோளில் அடுப்புக்கரியைத் தடவியது போலக் கறுப்பு. வாங்க வந்தவர் ஒரு காயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நோய்க் காய்" என்று கீழே போடுகிறார். அவ்வளவுதான், ஏலத்தில் விலை சரிந்துவிடுகிறது. கொண்டு வந்த விவசாயி பேசாமல் நிற்கிறார். அவருக்கும் அது நோய் என்றுதான் எண்ணம்.

இன்னொரு நாள் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. கரியே இல்லாத, ஆனால் தோலில் சொரசொரப்பாகப் புள்ளி விழுந்த காய் நல்ல விலைக்குப் போகிறது. வாங்கிய சில்லறைக் கடைக்காரர் மூன்றாம் நாள் கூடையைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்.

இரண்டிலும் நஷ்டம் நம்மவர்களுக்கே. எலுமிச்சை வியாபாரம் என்பது தேங்காய், வெங்காயம் போலப் பெரிய சரக்கு அல்ல என்று சிலர் நினைக்கலாம். ஆனால் மளிகைக் கடையில் வாசலிலேயே ஒரு தட்டு எலுமிச்சை இல்லாமல் முடியாது. ஆடி மாத அம்மன் கோயில், ஆயுத பூஜை, கோடைத் தாகம், கல்யாண வீட்டு ஊறுகாய் என்று ஆண்டு முழுவதும் கேட்பு உண்டு. 2022 ஏப்ரலில் நாட்டின் பல நகரங்களில் கிலோ 300 ரூபாய்க்கு மேல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் ஒரு மூட்டையைத் தவறாகக் கழித்தால் அந்த வாரத்து லாபமே போய்விடும். ஆகவே அந்தக் கறுப்பு என்ன, எங்கிருந்து வருகிறது, அதைக் கண்டால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சர்க்கரையில் வளரும் பூஞ்சாணம்

அந்தக் கறுப்புக்குக் கரும்பூஞ்சாணம் என்று பெயர். பெயரில் பூஞ்சாணம் இருந்தாலும் அது மரத்தைத் தின்பதில்லை, காயையும் தின்பதில்லை. மழைக்காலத்தில் வெல்ல மண்டிக்குள் போனவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது எளிது. வெல்லம் கசிந்து தரையில் ஒட்டிய இடத்தில் நாலைந்து நாளில் கறுப்புப் படர்ந்து விடுகிறதல்லவா? தரையில் நோய் என்று நாம் சொல்வதில்லை. அங்கே இனிப்பு சிந்தியிருக்கிறது, அதில் பூஞ்சாணம் பிடித்திருக்கிறது. எலுமிச்சை இலையிலும் காயிலும் நடப்பது இதே கதைதான்.

இனிப்பைச் சிந்துவது யார் என்றால், சாறு உறிஞ்சும் பூச்சிகள். இலையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு ஈ, வெள்ளை ஈ, இளந்தளிரில் கூட்டமாக மொய்க்கும் அசுவினி, காம்படியில் பஞ்சு போல ஒதுங்கும் மாவுப்பூச்சி, குச்சியில் மிளகு ஒட்டியது போல இருக்கும் மென்செதில் பூச்சி ஆகியவை இந்தக் கூட்டம். இவற்றின் வாய் ஊசி போன்றது. மரத்தின் உணவுக் குழாயில் அந்த ஊசியைச் செருகி உறிஞ்சும். அந்தச் சாற்றில் சர்க்கரை ஏராளம், உடம்பு வளர்க்கும் சத்தோ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காகப் பூச்சி சாற்றை நிறையக் குடிக்க வேண்டியிருக்கிறது. வேண்டாத சர்க்கரைத் தண்ணீரைப் பின்புறமாக வெளியே தள்ளிவிடுகிறது. அது கீழ் இலையிலும் காயின் மேலும் சொட்டுச் சொட்டாக விழுந்து பளபளவென்று பிசுபிசுக்கிறது. காற்றில் மிதக்கும் பூஞ்சாண விதை அதில் விழுந்து முளைத்துக் கறுப்பாகப் படர்கிறது.

கறுப்பு காயின் தோளில், அதாவது காம்புப் பக்கத்தில் அதிகமாகவும், அடிப்பக்கம் குறைவாகவும் இருப்பதன் காரணமும் இதுதான். மேலிருந்து சொட்டுகிறது, மேலேதான் படிகிறது.

மரத்துக்கு இதனால் கேடே இல்லை என்று சொல்ல வரவில்லை. கறுப்புப் போர்த்திய இலைக்கு வெயில் சரியாகக் கிடைக்காது, அது சமைக்கும் உணவு குறையும். பூச்சி உறிஞ்சுவது ஒரு பக்கம், வெளிச்சம் மறைவது மறுபக்கம் என்று மரம் வாடி அடுத்த பருவத்துக் காய்ப்புக் குறையும். நாகபுரி ஆரஞ்சுத் தோட்டங்களில் கறுப்பு ஈயால் வரும் இந்தக் கறுப்பைக் 'கோல்ஷி' என்கிறார்கள். மராத்தியில் கரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அங்கே தோட்டம் தோட்டமாக வருமானம் போன காலம் உண்டு. ஆனால் அது மரத்தின் கணக்கு. நம் கைக்கு வந்த காயின் கணக்கு வேறு. கரிக்கு அடியில் தோல் சற்றுப் பச்சையாக நிற்கும், மஞ்சள் ஏறுவது தாமதப்படும். சாறும் புளிப்பும் அப்படியே இருக்கும்.

நம் பக்கத்தில் தேங்காய் வியாபாரிகளுக்கு இந்தக் கரி பழக்கமானதுதான். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகத் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னை ஓலைகளை எப்படிக் கறுப்பாக்கியது என்பதைத் தோப்புக்குள் போனவர்கள் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். ஓலையிலிருந்து சொட்டியது கீழே நின்ற ஊடுபயிர் இலைகளையும் கறுப்பாக்கியது. தென்னையை ஒட்டி எலுமிச்சை வைத்தவர்கள் கரிக்காய் கொண்டுவந்தால், குற்றம் எலுமிச்சை மரத்திலேயே இல்லாமல் மேலே இருக்கவும் கூடும்.

ஈரத்துணிச் சோதனை

காயை வாங்கும் இடத்தில் செய்ய வேண்டிய சோதனை மிக எளிது. ஒரு துண்டுத் துணியை நனைத்துப் பிழிந்து கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூட்டையின் மேலே, நடுவே, அடியே என்று சில காய்களை எடுத்து, கறுப்பு உள்ள இடத்தைக் கட்டை விரலால் அழுத்தித் துடைக்க வேண்டும்.

துணியில் கரி ஒட்டி, கீழே வழவழப்பான தோல் தெரிந்தால் அது கரும்பூஞ்சாணம். பயமில்லை. விலையில் துடைக்கும் கூலியைக் கழித்தால் போதும், பாதி விலைக்குக் கேட்பது நியாயமில்லை.

துடைத்தும் போகவில்லை, விரலில் சொரசொரவென்று தட்டுகிறது, புள்ளி மேடாகி நடுவில் குழி விழுந்து தக்கை போல இருக்கிறது என்றால் அது சொறி நோய். இது பாக்டீரியாவால் வருவது. எலுமிச்சையை மற்ற நாரத்தை இனங்களைவிடக் கடுமையாகப் பிடிக்கும். சாறு பிழிய ஆகும், ஆனால் பார்வைக்கு நிற்காது, வாடிக்கையாளர் ஒதுக்கிவிடுவார். தோல் வெடித்த இடத்தில் அழுகலும் எளிதில் புகும். சொறிக் காய்க்கும் கரிக்காய்க்கும் ஒரே விலை போடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறோம்.

தோல் முழுவதும் மங்கிப் பழுப்பேறி, துருப்பிடித்த தகரம் போல இருக்கிறது, துடைத்தால் போகவில்லை, ஆனால் சொரசொரப்பு அதிகமில்லை என்றால் அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் சுரண்டிய தழும்பு. அழகுக் குறைவுதான், வேறில்லை.

சிறு வட்டத் தொப்பிகள் போலத் தோலில் ஒட்டியிருந்து, நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வந்தால் அது கடினச் செதில் பூச்சி. இந்த வகை இனிப்புச் சிந்துவதில்லை, ஆகவே கரியும் இராது. செதிலும் கரியும் ஒரே காயில் இருந்தால் தோட்டத்தில் இரண்டு வகைப் பூச்சியும் இருக்கிறது என்று பொருள்.

இவற்றைவிட முக்கியமாக விலக்க வேண்டியது ஒன்று உண்டு. காயின் ஓரிடம் நீர் கோத்தது போல மெத்தென்று அமுங்கி, அதன்மேல் முதலில் வெள்ளையும் பிறகு பச்சையோ நீலமோ ஆன பொடி படிந்திருந்தால், அது அழுகல் பூஞ்சாணம். அது உயிருள்ள காயைத் தின்னும். காயம்பட்ட தோலின் வழியே உள்ளே போகும். பொடி பறந்து பக்கத்துக் காய்களில் விழும். கரியோ அப்படிப் பரவுவதில்லை. அதற்கு இனிப்பு வேண்டும், சுத்தமான காயில் அதற்குப் பிழைப்பில்லை. ஒரு மூட்டையில் பத்துக் கரிக்காய் இருந்தால் பத்துதான், அடுத்த நாள் இருபதாகாது. பச்சைப் பொடிக் காய் ஒன்று இருந்தால் அடுத்த வாரம் எத்தனை ஆகும் என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள்.

காம்புக் குழியையும் பார்க்க வேண்டும். வெள்ளைப் பஞ்சு போல ஏதாவது ஒதுங்கியிருந்தால் மாவுப்பூச்சி கடை வரை கூடவே வந்திருக்கிறது. அது இருந்தால் கடையிலும் பிசுபிசுப்பு, எறும்பு எல்லாம் வரும். அந்தக் காய்களை முதலில் துடைத்துத் தனியே வைக்க வேண்டும்.

கடையில் செய்யத் தக்கது

கரிக்காய் வந்துவிட்டது, மலிவாகவும் கிடைத்தது. இனி என்ன? பலர் செய்யும் தவறு, மூட்டையோடு தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்து, ஈரத்தோடு மறுபடி சாக்கில் கட்டுவது. கரி போகும், காயும் போகும். ஈரமும் வெப்பமும் அடைந்த சாக்கு, நாம் சற்று முன் சொன்ன பச்சைப் பொடிக்குக் கட்டிக் கொடுத்த வீடு. அன்றன்று விற்கும் அளவுக்கு மட்டும் எடுத்து, மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்தித் தட்டில் அடுக்குவதே சரி. மிச்சக் காய் கரியோடு இருக்கட்டும், அதனால் கெட்டுவிடாது.

தேங்காய் நார், கம்பிச் சுருள் போட்டுத் தேய்க்கக் கூடாது. தோலில் கீறல் விழுந்தால் அழுகலுக்கு வழி திறந்த மாதிரி. துணி துவைக்கும் பவுடரும் வேண்டாம். எலுமிச்சையைத் தோலோடுதான் ஊறுகாய் போடுகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. வெறும் தண்ணீரே போதும். காய்ந்து இறுகிய கரிக்கு வெதுவெதுப்பான தண்ணீர்.

எங்கே விற்பது என்பதிலும் யோசனை வேண்டும். பூஜைக்கு வாங்குபவர் புள்ளி இல்லாத மஞ்சள் காய் கேட்பார். ஜூஸ் கடைக்காரரும் சாப்பாட்டு ஓட்டல்காரரும் சாற்றைத்தான் பார்ப்பார்கள். கரிக்குக் கீழே பச்சைத் திட்டு நின்ற காயை, துடைத்த பிறகு அவர்களுக்கு ஒதுக்கலாம். ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தால் அவர்களும் தொடர்ந்து கேட்டு வாங்குவார்கள்.

பளிச்சென்ற காய்க்கு நாம் கொடுக்கும் விலை

இதுவரை சொன்னது நம் தட்டின் கணக்கு. இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. மண்டியில் கரிக்காயின் விலையை நாம் அடித்து நொறுக்கினால், ஊர் திரும்பும் விவசாயி என்ன செய்வார்? அடுத்த முறை கரி வரக்கூடாது என்று மருந்து அடிப்பார். ஒரு முறை அடித்துப் போகாவிட்டால் இன்னொரு முறை. பறிப்பதற்கு முந்தின வாரம்கூட அடிப்பார். காய் பளிச்சென்று வரும், நாமும் நல்ல விலை கொடுப்போம். அடித்த மருந்து எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. நாரத்தை இனக் காய்களில் மருந்தின் மிச்சம் பெரும்பாலும் தோலில்தான் தங்கும். தோலோடு உப்பில் ஊறும் ஊறுகாய்க்கு அந்தக் காயைத்தான் நாம் தேடி விற்கிறோம். மரத்தின் சாற்றோடு கலந்து ஓடுகிற ஊடுருவும் மருந்தாக இருந்தால் துடைத்தாலும் கழுவினாலும் போகாது. கரியோ, ஒரு துணியில் போய்விடும்.

இதற்காகக் கரிக்காய் எல்லாம் மருந்தில்லாத காய் என்று எண்ணிவிடக் கூடாது. மருந்து அடித்தும் கரி நிற்கலாம், ஏனென்றால் பூச்சி செத்தாலும் படிந்த கரி உடனே உதிராது. இது தெரியாமல்தான் பலர், "அடித்தும் கேட்கவில்லை" என்று மறுபடி மறுபடி அடிக்கிறார்கள். கண்ணால் பார்த்து மருந்தைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியாக எப்போது அடித்தீர்கள், என்ன அடித்தீர்கள் என்ற இரண்டு கேள்வியை ஏலத்தின்போது கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மருந்துப் புட்டியோடு வரும் தாளில், அடித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த நாள் கணக்கு முடிந்ததா என்பதுதான் கேள்வி. மேலும், 2023இல் மத்திய அரசு பிறப்பித்த ஆணையின்படி குளோர்பைரிபாஸ் மருந்தை நாரத்தை, எலுமிச்சை வகை மரங்களில் பயன்படுத்த அனுமதி இல்லை. பழைய பழக்கத்தில் அடிப்பவர்கள் இருந்தால் எடுத்துச் சொல்வது நம் கடமை.

மருந்தை அதிகம் அடித்தால் கரி குறையும் என்பதே பல நேரங்களில் தவறான கணக்கு என்பதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1868 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து செடியோடு ஒரு பஞ்சுச் செதில் பூச்சி வந்து சேர்ந்தது. இருபது ஆண்டுக்குள் ஆரஞ்சுத் தோட்டங்கள் வெள்ளையும் கறுப்புமாகி, மரங்களை வெட்டி எரிக்கிற நிலை வந்தது. எந்த மருந்தும் கேட்கவில்லை. 1888இல் ஆல்பர்ட் கோபெலே என்ற ஆராய்ச்சியாளரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பூச்சியைத் தின்னும் சிவப்புப் பொறிவண்டை அங்கே கண்டு அவர் கப்பலில் அனுப்பி வைத்தார். சில மாதங்களில் வந்து சேர்ந்தவை மொத்தம் 129 வண்டுகள்தான். அவை பெருகி, 1889 முடிவதற்குள் செதில் பூச்சியை அடக்கிவிட்டன. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்திலிருந்து ஏற்றுமதியான ஆரஞ்சு ஒரே ஆண்டில் 700 ரயில் பெட்டியிலிருந்து 2,000 ரயில் பெட்டியாக உயர்ந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1946, 1947 ஆண்டுகளில் அதே கலிபோர்னியாவில் வேறு பூச்சிகளுக்காக டி.டி.டி. மருந்தைத் தோட்டங்களில் அடித்தார்கள். பொறிவண்டு செத்தது. ஐம்பது ஆண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்த பஞ்சுச் செதில் பூச்சி மீண்டும் தலையெடுத்தது. மருந்தை நிறுத்தி வண்டை மறுபடி கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. நம் நீலகிரியிலும் இதே பூச்சி 1920களில் வந்து வாட்டில் மரங்களைப் பிடித்தபோது, இதே பொறிவண்டைத்தான் வரவழைத்து விட்டார்கள்.

கறுப்பு ஈ விஷயத்தில் நம் நாடே கொடுத்த இடத்தில் இருந்திருக்கிறது. ஆசியாவைச் சேர்ந்த அந்தப் பூச்சி மெக்சிகோவுக்குப் போய் அங்குள்ள எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைக் கறுப்பாக்கியது. 1949-50இல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கடுகைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை கறுப்பு ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்பவை. அங்கே தொல்லை அடங்கியது. இந்தக் குளவிகள் நம் தோட்டங்களில் இயற்கையாகவே இருப்பவை. கண்மூடி அடிக்கும் மருந்து முதலில் கொல்வது இவற்றைத்தான். இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிக்கு மருந்து முழுதும் எட்டாது, பறந்து திரியும் குளவிக்கும் ஊர்ந்து தேடும் வண்டுக்கும் எட்டிவிடும். பாதுகாவலன் போனபின் பூச்சி முன்னைவிட வேகமாகப் பெருகும், கரியும் கூடும்.

எறும்பும் மைதாவும்

அப்படியானால் விவசாயி சும்மா இருப்பதா என்று கேட்கலாம். சும்மா இருக்க வேண்டியதில்லை. செய்யக் கூடிய பல வேலைகளுக்கு வேண்டிய பொருள் நம் மளிகைக் கடையிலேயே இருக்கிறது.

முதலில் எறும்பு. மரத்தில் எறும்புச் சாரி ஏறுகிறது என்றால் மேலே இனிப்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த இனிப்புக்காக எறும்பு, சாறு உறிஞ்சும் பூச்சிகளைக் காவல் காக்கும். தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். எறும்பைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிட்டு, அடிமரத்தில் ஒரு துணியையோ தடித்த காகிதத்தையோ சுற்றி, அதன்மேல் ஒட்டும் பசை தடவினால் எறும்பு ஏறாது. பசையை நேராகப் பட்டையில் தடவக் கூடாது, பட்டை கெடும். சுற்றியதற்கு மேலே வேறு கிளையோ, களைச் செடியோ, முட்டுக் கொம்போ பாலமாக இருந்தால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும், அதையும் பார்க்க வேண்டும்.

எறும்பைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வேடிக்கை. கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சீன நூல் ஒன்றில், ஆரஞ்சு மரங்களைக் காக்க எறும்புக் கூட்டைக் கிளையோடு பையில் கட்டிச் சந்தையில் விற்றார்கள் என்று குறிப்பு இருக்கிறது. நம் மாமரத்தில் இலையைச் சேர்த்துக் கூடு கட்டுகிற முசுறு எறும்பின் இனம் அது. காயைக் குடையும் வண்டையும் நாவாய்ப்பூச்சியையும் அது பிடித்துத் தின்றது உண்மை. ஆனால் அதே முசுறு செதில் பூச்சியையும் மாவுப்பூச்சியையும் வளர்க்கும். எறும்பையும் சரக்காக்கி விற்றவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது நமக்கெல்லாம் ஒரு செய்திதான்.

மரத்தின் உள்ளே காற்றும் வெளிச்சமும் போகும்படி, அடைசலான குச்சிகளைக் கழித்துவிட வேண்டும். இந்தப் பூச்சிகளுக்கு நிழலும் புழுக்கமும் பிடிக்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் தளிர் மிருதுவாகத் தழைக்கும், பூச்சிக்கு விருந்து. உரத்தை அளவோடு பிரித்துப் போடச் சொல்ல வேண்டும்.

பிறகு வேப்பெண்ணெய். நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, கூடவே எண்ணெய் தண்ணீரில் கலக்கும் அளவுக்குச் சோப்புக் கரைசல். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து ஒரு இலைக்கு அதிகமாகவும் ஒரு இலைக்கு இல்லாமலும் போகும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். கறுப்பு ஈ முட்டையைச் சுருள் கோலம் போட்டது போல அங்கேதான் வைக்கும், குஞ்சும் அங்கேதான் ஒட்டிக்கிடக்கும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும், மாலையில் அடிப்பது நல்லது. முதலில் ஒரு கிளையில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதற்கு அடிக்கச் சொல்லலாம். மாவுப்பூச்சி மிகுந்த இடத்தில் மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கலந்து அடிப்பதும் உண்டு.

இங்கே நம் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விளக்கேற்ற விற்கிற கலப்பு எண்ணெயை வேப்பெண்ணெய் என்று கேட்பவருக்கு எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. புட்டியில் பஞ்சதீபம் என்று இருந்தால் அது விளக்குக்கு, மரத்துக்கு அல்ல. கேட்பவர் எதற்குக் கேட்கிறார் என்று ஒரு சொல் விசாரித்துவிட்டுக் கொடுப்பது நம் பெயரைக் காக்கும்.

இதெல்லாம் பூச்சிக்கு. ஏற்கெனவே படிந்த கரிக்கு மைதா. வேடிக்கை இல்லை, வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைப்பதுதான். ஒரு கிலோ மைதாவை ஐந்து லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்ச வேண்டும். ஆறியபின் தண்ணீர் சேர்த்து இருபது லிட்டர் ஆக்கி, நன்றாக வடிகட்டி, கரி படிந்த இலைமேல் தெளிக்க வேண்டும். வெயிலில் அந்தக் கஞ்சி காய்ந்து அப்பளம் போலச் சுருண்டு உரியும்போது கரியையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். நல்ல வெயில் அடிக்கும் நாளில்தான் செய்ய வேண்டும். மேகமூட்டமான நாளில் செய்தால் கஞ்சி காயாமல் ஊறி நிற்கும், அதுவே இன்னொரு பூஞ்சாணத்துக்குச் சோறாகிவிடும். பூச்சி உயிரோடு இருக்கும்போது மைதா மட்டும் அடித்துப் பயனில்லை, இரண்டு வாரத்தில் பழையபடி கறுப்பு வரும். முதலில் எறும்பு, அடுத்து பூச்சி, கடைசியில் கரி என்ற வரிசை முக்கியம். வண்டு பிடித்து மனிதர் தின்ன ஆகாத பழைய மைதா சில கடைகளில் தேங்கும். சலித்து வடிகட்டிக்கொள்ளும்படி சொல்லி, மலிவு விலைக்கு விவசாயிக்குக் கொடுக்கலாம். ஆனால் எதற்கு என்று மூட்டைமேல் எழுதித் தனியே வைக்க வேண்டும்.

விவசாயிகள் நம்மிடம் வந்து, "மருந்தும் நீங்களே வாங்கி வையுங்களேன்" என்று கேட்பது கிராமங்களில் சகஜம். ஆசைப்பட்டு வைத்துவிடக் கூடாது. பயிர்ப் பூச்சிமருந்து விற்க 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். 1971ஆம் ஆண்டு விதிகளின்படி, மனிதரோ கால்நடையோ உண்ணும் பொருள் விற்கும் கட்டடத்தில் பயிர் மருந்தை வைக்கவே கூடாது. கொசுவர்த்தி போன்ற வீட்டு உபயோக மருந்துக்கு மட்டும் விலக்கு. அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு புட்டிதானே என்று நினைத்து மாட்டிக்கொண்டால் கடை உரிமத்துக்கே ஆபத்து. அதைவிட, ஒழுகினால் அரிசிக்கு என்ன ஆகும் என்பது பெரிய பயம்.

கடைசியாக இலை. எலுமிச்சை மூட்டையில் இலையும் குச்சியும் கலந்தே வரும். கறுப்பு ஈ ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனதெல்லாம் செடியோடும் இலையோடும்தான். மூட்டையைப் பிரித்ததும் இலையைப் பொறுக்கித் திருப்பிப் பார்த்தால், அடியில் வரகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் ஓரத்தில் வெள்ளை விளிம்போடு ஒட்டியிருந்தால் அது கறுப்பு ஈயின் குஞ்சுப்பருவம். அந்த இலைகளைக் கடைக்குப் பின்னால் உள்ள கறிவேப்பிலைச் செடியடியில் கொட்டாமல், எரித்துவிட வேண்டும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், ஒன்றின் பூச்சி மற்றதிலும் ஏறும். வீட்டில் வைக்க எலுமிச்சைக் கன்று வாங்குகிறவர்களும் வண்டியில் ஏற்றுமுன் இலையைத் திருப்பிப் பார்த்து வாங்குவது நல்லது. நர்சரிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அங்கே வாங்க வேண்டாம்.